எந்தக் கூத்தைப் போடுவது?

காலபோக அறுவடை முடிந்து, நெல்லை மூட்டை கட்டி, கடன்காரரையும் ஓரளவு சமாளித்த பின்னரே எமது கிராமங்களில் கூத்துப் பேச்சு எழும். இம்முறை எதைப் போடுவது என்பது ஊர்ப் பெரியவர்களும் அண்ணாவியாரும் கூடியிருந்து பேசுகின்ற காரியம். கதை நல்லதா என்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. பாடக் குரல் யாரிடம் உண்டு, உடுப்புக்குப் பணம் எங்கே, எத்தனை இரவுகள் பழக முடியும் என்பவையெல்லாம் சேர்ந்தே ஒரு கூத்துத் தெரிவாகும். மட்டக்களப்பில் பாத்திரங்களைப் பங்கிட்டு ஏட்டைக் கையளிப்பதைச் ‘சட்டங் கொடுத்தல்’ என்பர். பழகுதல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் யாவும் அதன் பின்னரே.

இடப்பெயர்வு இந்த ஒழுங்கைக் குலைத்தது. கொப்பிகள் எரிந்தன, மழையில் கரைந்தன. அண்ணாவியார் ஒரு முகாமில், மத்தளகாரர் இன்னொரு முகாமில். அந்த இடைவெளியில் தெரிவு செய்யும் உரிமை மெல்ல மெல்லப் பணம் கொடுப்பவர் கைக்குப் போயிற்று. கைகழுவுதல், டெங்கு, மிதிவெடி எனத் தலைப்பு மேலிருந்து வரும். இருபது நிமிட நாடகம் கீழே ஆடப்படும். நாமும் இதைச் செய்தவர்களே. மிதிவெடி பற்றிய நாடகங்கள் தேவையானவை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் நாடகம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவார்கள், ஒரு கூட்டம் கலைவதைப் போல.

2013இல் மாந்தைப் பகுதியில் மீளக்குடியமர்ந்த ஒரு விவசாயக் கிராமத்திற்கு அவ்வாறான தலைப்பு ஒன்றோடு போயிருந்தோம். ஒரு முதியவர் குறுக்கிட்டார். “பாதர், அதை நீங்கள் எப்பவும் போடலாம். எங்கட வாசாப்புப் போட்டு எத்தனை வருசம்!” என்றார். அவர் கேட்டது மூவிராசாக்கள் வாசாப்பை. இளைஞர்கள் சம்மதிக்கவில்லை. 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போல, தம் காலத்தைப் பேசும் நாடகமொன்றே வேண்டும் என்றனர். பட்ட பாட்டை மறுபடி பார்க்கவோ என்று பெரியவர்கள் கேட்டனர்.

மூன்று மாலைகள் பேசியும் முடிவு வரவில்லை. நான்காம் மாலை பெண்களையும் கூட்டத்திற்கு அழைத்தோம். முதல்நாளே அழைத்திருக்க வேண்டும். அது எமது பிழை. பெரும்பாலான பெண்கள் வாசாப்புக்கே சம்மதித்தார்கள். பிள்ளைகளுக்கு ஊர்ப் பாட்டுத் தெரியவில்லை என்பது அவர்களுடைய கவலை.

அப்போதுதான் மெய்யான சிக்கல் எழுந்தது. அண்ணாவியார் நினைவிலிருந்து எழுதி வைத்த கொப்பியில், ஏரோது குழந்தைகளைக் கொல்லக் கட்டளையிடும் கட்டம் இருந்தது. கடைசி யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கேயே இருந்தனர். அக்கட்டத்தை வெட்டிவிடலாம் என்றார் அண்ணாவியார். எமக்கும் அதுவே சரியாகப் பட்டது. அவர்களில் ஒரு தாய் மட்டும் எழுந்து, “ஏரோது செய்ததை மறைச்சுப்போட்டு என்னத்தை ஆடப்போறியள்?” என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு தாய், தான் அதைப் பார்க்க மாட்டேன் என்றார். கட்டம் இருக்கட்டும், அது வருமுன் அண்ணாவியார் சபைக்கு அறிவிக்கட்டும், போக விரும்புபவர் எழுந்து போகட்டும் என்று முடிவாயிற்று.

பழைய கூத்தைத் தெரிந்தால் பழையபடியே ஆட வேண்டும் என்பதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அது படித்தவர் அரங்கு. எமக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடியது, 2000களில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞரும் சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம். அங்கே சாதியையும் பெண்ணையும் பற்றி ஏட்டில் இருப்பவற்றை ஊரே இருந்து விவாதித்தது. எமது கிராமத்திலும் ராசா வேடம் ஒரு சில குடும்பங்களுக்கே என்றிருந்தது. இடப்பெயர்வில் அக்குடும்பங்களில் பலர் திரும்பி வரவில்லை. குரலைக் கேட்டே வேடம் கொடுக்க வேண்டியதாயிற்று. சிலருக்கு அது கசந்தது.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதிருக்கும் குடும்பங்கள் இதனை வாசிப்பீர்கள். பல ஊரார் ஓரிடத்தில் இருக்கையில் யாருடைய கூத்து என்ற கேள்வி இன்னும் கடினமானது. அண்ணாவியார் உள்ள ஊரின் கூத்தை முதலில் எடுங்கள்; மற்ற ஊராருக்கு அதில் வேடம் கொடுங்கள். உதவிப் பணம் வருமானால், கதையைத் தெரிந்த பின்னர் வாங்குங்கள்.

அரங்கேற்ற இரவில் அண்ணாவியார் அறிவித்ததும் ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். மத்தளம் நின்றது. கேள்வி கேட்ட தாய் முன்வரிசையில் இருந்தார். அடுத்த வருடம் இளைஞர்களின் நாடகம் என்று அன்றிரவே பேசி வைத்தார்கள். 2014இல் வரட்சி வந்தது, விதைத்தவர் சிலரே. அவ்வருடம் ஒன்றும் போடவில்லை.