மோட்டாரின் மூச்சு

மோட்டார் வண்டி பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்று சொல்லுகிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிடப் பன்மடங்கு காற்றைக் குடிக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் செவ்வையாக எரிவதற்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! ஆகவே, 'காற்றைத் தாராளமாக உள்ளே விட்டால் சக்தி பெருகும்' என்று வாலிபர்கள் எண்ணுவதில் நியாயம் உண்டு. தொழிற்சாலை அமைத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயையும் கூம்பு வடிவ வடிகட்டியையும் பூட்டுவதில் பலருக்கு மோகம் இருக்கிறது. இவற்றில் எதை வாங்குவது, எதை விடுவது?

முதலாவதாக, குழாய் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த காற்று செறிவுள்ளது. சூடேறிய காற்று இலேசானது. வெளியே 35 டிகிரி உள்ள காற்று, எஞ்சின் அருகில் 65 டிகிரியாகிவிட்டால், அதன் செறிவு நூற்றுக்கு 9 பங்கு குறைந்துபோகிறது. மூடியில்லாத வடிகட்டியை எஞ்சினின் பக்கத்திலேயே வைக்கும் குட்டைக் குழாய், சென்னையின் வெயிலில், போக்குவரத்து நெரிசலில், இருந்த சக்தியையும் குறைத்துவிடக்கூடும். வெளிக்காற்றை நேரே வாங்கி, நாற்புறமும் மூடிய பெட்டிக்குள் வடிகட்டியை வைத்திருப்பதே மேல்.

இரண்டாவது, தூசி. வடிகட்டியைத் தப்பி உள்ளே போகும் நுண்மணல், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே உப்புத்தாளைப்போல் தேய்க்கும். காற்றை எளிதில் விடும் வலை தூசியையும் எளிதில் விடலாம். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறைப்படி சோதித்த முடிவைக் கடைக்காரரிடம் கேளுங்கள். காற்றோட்டத்துக்கு எவ்வளவு தடை, எவ்வளவு தூசி தடுக்கப்பட்டது என்ற இரு விவரங்களும் அதில் இருக்கும். முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைக்கும் சரக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, காற்றை அளக்கும் கருவி. பல வண்டிகளில் அது குழாயிலேயே அமைந்திருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் அதன் கணக்கும் மாறும். எரிபொருளின் அளவு பிசகும். எண்ணெய் தடவிய பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் மிஞ்சினால், அக்கருவியின் கம்பியிலும் படியும். ஆகையால் தங்கள் வண்டிக்கென்றே செய்த குழாயை வாங்குவது அவசியம்.

நான்காவது, தண்ணீர். குளிர்ந்த காற்றுக்காகச் சில குழாய்களின் வாய் பம்பருக்குள் தாழ்ந்து நிற்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை யார் மறப்பார்? தண்ணீர் காற்றைப்போல் அமுங்குவதில்லை. அது சிலிண்டரில் புகுந்தால், பிஸ்டனின் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும். குழாயின் வாய் உயரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் லாபம் எவ்வளவு? டர்போ இல்லாத சாதாரணக் கார்களில் சொற்பமே. நகரில் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிப்பதில்லை. திராட்டில் தகடு பாதி மூடியே நிற்கிறது. அதற்கு முன்னால் வழியை அகலமாக்கி என்ன பயன்? முழுவேகத்தில்தான் வித்தியாசம் தெரியும். டர்போ வண்டியில், கம்ப்யூட்டரின் கணக்கையும் அதற்கேற்பத் திருத்தினால், பலன் சற்று அதிகம். ஆனால் பழைய பெட்டி அடக்கி வைத்திருந்த சத்தம் புதுக் குழாயில் உறுமலாக வெளிப்படுகிறது. காது அதைச் சக்தி என்று நம்பிவிடுகிறது! பானெட்டை மூடி வைத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனமோமீட்டரில் அளந்த கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதம் உள்ள வண்டியானால், அது செல்லுமா என்று விற்றவரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றாடம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வரும் குடும்பக் காருக்கு, தொழிற்சாலைப் பெட்டியே போதும். அதிலுள்ள காகித வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றிவந்தால், எஞ்சின் நெடுநாள் உழைக்கும். மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.