வீடு வாங்கினார் மாமா... குடித்தனமும் சேர்ந்து வந்துச்சு!

2020 மார்ச். ஒன்பதாவது 'ஆல் பாஸ்' ஆன குஷியில் நான் நார்த்தாமலை வீட்டுக்குள்ளேயே குதிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க மாமா மட்டும் தலையில் கை வெச்சு உட்கார்ந்திருந்தார்.

காரணம், வீடு! ஊரில் இருந்த நிலத்தை வித்து, புதுக்கோட்டை டவுனில் பழைய வீடு ஒண்ணைக் கிரயம் பண்ணியிருந்தார். அதில் ஒரு கொத்தனார் குடும்பம் வாடகைக்கு இருந்தது. "ஏப்ரல் முடியறதுக்குள்ள காலி பண்ணிடறேண்ணே" என்று அவர் சொல்ல, அதை நம்பி மாமாவும் தான் குடியிருந்த வாடகை வீட்டுக்காரரிடம் "மே மாசம் சாவி கொடுத்துடறேன்" என்று வாக்கு கொடுத்துவிட்டார். மார்ச் 25... லாக்டவுன்! வேலை இல்லை, பஸ் இல்லை. கொத்தனார் எங்கே போவார்?

மார்ச் 29-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லி நெருக்கினால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் நடவடிக்கை! (ஆமா ஃப்ரெண்ட்ஸ், ரூம் எடுத்துத் தங்கின நம்ம சீனியர்களும் அந்த லிஸ்ட்டில் இருந்தாங்க.)

கொத்தனாரை அந்த உத்தரவு காப்பாற்றியது. உரக்கடையில் கணக்கு எழுதும் மாமா அந்த 'தொழிலாளர்' கணக்கில் வருவாரா? யாருக்கும் தெரியவில்லை. அவருடைய வீட்டுக்காரரோ தினமும் போன்! காலையில் வாடகைதாரரா கெஞ்சுவார். சாயங்காலம் ஓனரா புலம்புவார்.

இதெல்லாம் கொரோனா வந்ததால் மட்டும் வந்த தலைவலி இல்லை. வீடு கைமாறினாலும் வாடகைதாரரின் உரிமை கூடவே வரும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். விற்றவரின் இடத்தில் வாங்கியவர் நிற்கிறார், அவ்வளவுதான். கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கியைக்கூட, தனியாகப் பேசி எழுதாவிட்டால், புது ஓனர் கேட்க முடியாது.

'நான் குடிபோகணும், காலி பண்ணு' என்று உடனே கேஸ் போடவும் பல ஊர்களில் வழியில்லை. டெல்லி வாடகைச் சட்டப்படி, குடித்தனத்தோடு வீடு வாங்கியவர் 5 வருஷம் காத்திருக்கணும். கேரளாவில் 1 வருஷம். ஜெர்மனியில், குடியிருக்கும்போதே தனி ஃபிளாட்டாகப் பிரித்து விற்றால் 3 வருஷம். வீட்டுப் பஞ்சம் உள்ள ஊர்களில் 10 வருஷம் வரை! ஆளைக் கிளப்புவதற்காகவே வாங்கி விற்கிறவர்களுக்கு இது கடிவாளம். நம்ம தமிழ்நாட்டின் 1960-ம் வருஷச் சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யணும். கொத்தனார் வீட்டுக்கு அப்படி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தாரே மாமா? பார்த்தார். ஆனா அதில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். உள்ளே யார், வாடகையா ஒத்தியா, எவ்வளவு அட்வான்ஸ்... இதெல்லாம் கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும். ஒத்தி என்றால் இன்னும் சிக்கல். லட்சக்கணக்கில் கொடுத்தவர், பணம் கைக்கு வராமல் நகர மாட்டார்.

மாமா கேட்காமல் விட்டது அட்வான்ஸை! ஜூலையில் கொத்தனார் வேறு வீடு பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, அட்வான்ஸ் முப்பதாயிரம்..." என்று தலையைச் சொறிந்தார். பழைய ஓனர் அதை மாமாவிடம் ஒப்படைக்கவே இல்லை. போன் போட்டால், "எல்லாம் சேர்த்துத்தானேப்பா விலை பேசினோம்" என்றாராம். அத்தை இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. கொத்தனார் கையில் முப்பதாயிரம்.

இப்போ நான் காலேஜ் பக்கத்தில் ரூம் எடுத்திருக்கேன். போன வாரம் மாமா போனில் கேட்ட முதல் கேள்வி, "அட்வான்ஸுக்கு ரசீது வாங்கினியாடா?"

இனிமேதான் கேட்கணும்!