சம்பளமா, சன்மானமா?

சாரல் காலத்தில் தென்காசி விடியற்காலையிலேயே விழித்துக்கொள்ளும். ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். எண்ணெயும் துண்டுமாக அருவிக்குப் புறப்படும் கூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே நேரத்தில் தென்காசி, வடகரை, கடையநல்லூர்த் தெருக்களில் இன்னொரு சிறு கூட்டம் நடக்கும். தொப்பி போட்ட பையன்களும் முக்காடு போட்ட சிறுமிகளும் பள்ளிவாசல் மதரஸாவுக்கு ஓதப் போகிறார்கள்.

அங்கே ஓதிக்கொடுப்பவர் ஹஜ்ரத். பெரும்பாலும் ஐந்து வேளையும் தொழ வைப்பவரும் அவரே. காலையில் வகுப்பு, மாலையில் வகுப்பு. அவருக்குப் படியளப்பது யார்? தெருக்காரர்கள் தரும் சந்தா. வசூல் நன்றாக இருந்தால் பணம் காலத்தில் வரும். இல்லாவிட்டால் நோன்பு மாதம் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். பல ஊர்களில் எழுத்து மூலமாக ஒரு வரி கூடக் கிடையாது. “சம்பளம்” என்றால் கேட்டு வாங்கலாம். “ஹதியா” என்றால் கொடுப்பவர் மனசு! ஒரு சொல்லுக்குள் எத்தனை வசதி பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு சர்க்கார் அங்கீகாரம் தேவையில்லை. மதரஸா, வேதபாடசாலை போன்றவற்றுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது என்று 2012-ம் ஆண்டில் திருத்தமே வந்துவிட்டது. அங்கீகாரத் தொல்லை இல்லை. சம்பள விகிதமும் இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் “தொழிலாளி” அல்ல என்று 1988-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அரியானாவில் அங்கீகாரமற்ற பள்ளிகள் தொடுத்த வழக்கில், 1948-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆசிரியருக்குப் பொருந்தாது என்று 1996-ல் சொல்லிவிட்டது. பணிக்கொடை மட்டும் 2009-ம் ஆண்டுத் திருத்தத்தால் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. அதுவும் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தில். ஒரு ஹஜ்ரத்தும் ஒரு மோதினாரும் உள்ள பள்ளிவாசலுக்கு அது எப்படி எட்டும்?

சர்க்கார் பணம் கொடுத்த இடத்திலாவது நிலைமை மேலா? உத்தரப் பிரதேச மதரஸாக்களில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு மத்திய சர்க்கார் மாதம் 6,000 ரூபாய், மேற்படிப்புப் படித்தவர்களுக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தது. பெயர் மதிப்பூதியம். 2022-ல் திட்டம் முடிந்தது. 2024 ஜனவரியில் மாநில சர்க்காரும் தன் பங்கை நிறுத்தியது. 21,000-க்கும் மேற்பட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

நம் மாநிலத்தில் உலமாக்களுக்கும் பணியாளர்களுக்கும் 2009-ல் நல வாரியம் அமைந்தது. உதவித்தொகைகள் உண்டு. ஆனால் மாதச் சம்பளத்தை நிர்ணயிப்பது அதன் வேலையல்ல.

“பேரைப் போடாதீங்க”

தென்காசியில் ஒரு ஹஜ்ரத்துடன் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“அல்லாஹ் பரக்கத் செய்வான், தம்பி. என் பேரை மட்டும் போடாதீங்க.”

மகளின் கல்லூரிப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு தவணை பாக்கியாம். நிர்வாகிகளைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. அவர்களும் கடை கடையாக ஏறித்தான் வசூலிக்கிறார்கள் என்றார்.

கூடுதலாகக் கேட்பீர்களா என்றேன்.

“கூட வேண்டாம், தம்பி. தர்றதை ஒண்ணாந் தேதி தந்தாப் போதும்.”

மழை வலுத்தது. மாலை வகுப்புப் பிள்ளைகள் குடையோடு வர ஆரம்பித்திருந்தார்கள். ஹஜ்ரத் எழுந்துவிட்டார்.