போரின் நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு எது உதவி?

எங்கேனும் வெள்ளம் வந்தது, புயல் அடித்தது என்ற செய்தி கேட்டால் நம் சிங்கப்பூர்த் தமிழ் மக்கள் வாளாவிருப்பதில்லை. அரிசியும் போர்வையும் துணிமணியும் ஒரு வாரத்துக்குள் கோயில் மண்டபத்தில் மலைபோல் குவிந்துவிடும். வெள்ளம் ஒருநாள் வடியும்; மக்கள் வீடு திரும்புவர். ஆண்டுக்கணக்கில் நீளும் போர் அப்படிப்பட்டதன்று. இலங்கையில் 1983 ஜூலையில் பிறந்த ஒரு குழந்தைக்கு, 2009 மே மாதம் போர் முடிந்தபோது 25 வயது நிறைந்திருந்தது. பால்குடி, பள்ளிக்கூடம், பரீட்சை, சிலருக்குத் திருமணம்கூட, யாவும் போருக்குள்ளேயே நடந்து முடிந்தன. அத்தகைய பிள்ளைக்கு ஒரு பொட்டலம் சோறு இன்றியமையாததுதான். ஆயினும் அதனோடு பணி முடிந்துவிடுவதில்லை.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியுமன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கி 1945 செப்டம்பர் வரை இத்தீவு ஜப்பானியர் வசம் இருந்தது. குண்டு விழுந்த நாட்களில் சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தில் அக்கம்பக்கத்தார் தஞ்சம் புகுந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்போம். மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்த காலம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரில் பல்லாயிரவர் திரும்பி வரவேயில்லை. அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். அந்நாட்களிலேயே ஆதரவற்ற சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு இல்லம் நடத்தியது இராமகிருஷ்ண மிஷன். பார்ட்லி சாலையில் உள்ள சிறுவர் இல்லத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்த பின்பும் பட்டினி முடியவில்லை. 1946இல் சமூகநல இலாகா அமைக்கப்பட்டது. 1947 முதல் சத்துக் குறைந்த சிறு பிள்ளைகளுக்காக உணவு நிலையங்கள் திறக்கப்பட்டன. பரிமாறியவர்களில் பலர் ஊதியமின்றித் தொண்டு செய்த மாதர்கள். நாளடைவில் அந்நிலையங்களுள் சில, பிள்ளைகள் கூடி எழுத்தும் கைத்தொழிலும் கற்கும் இடங்களாக மாறின. சோறு போடத் தொடங்கியவர்கள் பாடம் சொல்லிக் கொடுப்பதில் வந்து நின்றார்கள். போரில் வளரும் பிள்ளைகளுக்கான பணி எல்லா நாட்டிலும் இவ்வழியேதான் நடந்து வந்திருக்கிறது.

இலங்கையின் வடபகுதிக்கு வருவோம். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. ஆகவே ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு நனைத்து, திரி ஏற்றிப் படித்தார்கள் பிள்ளைகள். சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, அதன் டைனமோவினால் வானொலி கேட்டார்கள். 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது பல இலட்சம் மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தனர். அதன் பின் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடியே வகுப்பறையாயிற்று. ஒரே கட்டடத்தில் காலையில் ஊர்ப் பள்ளியும் மாலையில் இடம்பெயர்ந்த பள்ளியும் நடந்தன. இவ்வளவுக்கும் நடுவில் பரீட்சைகள் நடந்தன, ஆசிரியர்களுக்கு அரசாங்கச் சம்பளமும் சென்றது என்பது பலரும் அறியாதது. போரிட்ட இரு தரப்பும் தம்முள் எதிலும் ஒத்துப்போகாத நிலையிலும் பள்ளிக்கூடம் மட்டும் அறவே நின்றுவிடவில்லை.

பள்ளிக்கூடத்தை இத்தனை வலியுறுத்துவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். குறிப்பிட்ட நேரத்தில் மணி அடிக்கிறது, அதே ஆசிரியர் வருகிறார், நேற்று விட்ட பாடம் இன்று தொடர்கிறது என்பதே நாளை என்று ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையைப் பிள்ளைக்குத் தருகிறது. தமிழகத்து முகாம்களிலும் இதுவே கண்ட உண்மை. 1984இல் சந்திரகாசன் அவர்கள் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்தோறும் மாலை வகுப்புகளை நடத்தியது. குடிசையில் பிறந்து பட்டம் பெற்று வெளியேறியவர்கள் அம்முகாம்களில் பலர்.

தடுப்பு மருந்தின் கதை வேறு விதமானது. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி வரையான குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊருக்கு, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பனிக்கட்டி உருகுமுன் கொண்டு சேர்ப்பது எளிதா? ஒரு பிள்ளையை விட்டுவிட்டாலும் இளம்பிள்ளை வாதம் மீண்டும் தலைதூக்கும். அதனால் சண்டையையே சில நாள் நிறுத்தச் சொல்வது என்ற முறையை யுனிசெஃப் கையாண்டது. முதன்முதலில் 1985இல் எல் சல்வடோர் நாட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இலங்கையிலும் 1995 முதல் நடந்த தேசியத் தடுப்பு மருந்து நாட்களில் இரு தரப்பும் வழிவிட்டன. அந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் கண்டது 1993இல். இலங்கையைக் குறித்துச் சொல்லப்படும் துயரச் செய்திகளுக்கு இடையே இந்த ஒன்றையும் நாம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

உடலில் படும் காயம் கண்ணுக்குத் தெரியும். மனத்தில் பட்டது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தவர். இரவில் அலறி எழுதல், சிறு சத்தத்துக்கும் நடுங்குதல், பாடத்தில் மனம் ஒன்றாமை ஆகிய குறிகளை ஆசிரியர்களே கண்டறிந்து ஆறுதல் சொல்லுமாறு பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாக இருந்த இடத்தில் வேறு வழியுமில்லை. நம்மவர்க்குப் பழக்கமான ஜெபம், மந்திரம் ஓதுதல், சாந்தி ஆசனம் ஆகியவற்றையே மன அமைதிக்குரிய பயிற்சியாக அவர் பரிந்துரைத்தது குறிப்பிடத்தக்கது. மட்டக்களப்பில் 1996இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இன்னொரு வழியைக் கண்டது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகன் அவர்களும் அருட்தந்தை பால் சற்குணநாயகம் அவர்களும் தொடங்கிய அந்தப் பூங்காவுக்குத் தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் முஸ்லிம் சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், நாடகம் ஆடினர். ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இப்போரில் பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் சிறுவரைச் சேர்த்ததையும், பின்னர் கருணா அணி அவ்வாறே செய்ததையும் ஐக்கிய நாட்டு அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. 2003இல் யுனிசெஃப் முயற்சியால் ஒரு செயல்திட்டம் உருவாகி, விடுவிக்கப்படும் சிறுவருக்காகக் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது. அது எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்கு வந்த சிறுவர் 594 பேர். அவர்களில் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் புத்தகத்தை எடுத்தனர்.

நம் சமயத்தவர் பணிகளில் இரண்டை இங்கே நினைவுகூரலாம். சுவாமி விபுலானந்தர் ஊன்றிய வித்தின் பயனாக மட்டக்களப்புக் கல்லடியில் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் நடத்தி வந்தது. தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தில் சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், கோயில் வருமானத்தைக் கொண்டே துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நிறுவி ஆதரவற்ற பெண் பிள்ளைகளை வளர்த்தார். 2008இல் அவர் மறையும்வரை அப்பணி அவரது மூச்சாக இருந்தது.

இவ்விடத்தில் கொடையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். வறுமையினாலும், பிள்ளை பிடித்துச் செல்லப்படும் என்ற அச்சத்தினாலும் கொண்டுவந்து விட்டவர்களே மிகுதி. உண்மையில் யாருமற்ற பிள்ளைக்கு இல்லம் வேண்டும். ஆனால் கணவனை இழந்த தாய்க்கு ஒரு தையல் இயந்திரமோ கறவைப் பசுவோ கிடைத்தால், அவள் பிள்ளை அவளிடமே வளரும். கட்டடம் கட்டினால் பெயர் பொறித்த கல் நிற்கும். பசுவின் நெற்றியில் யார் பெயரைப் பொறிப்பது? அதனாலோ என்னவோ நாம் கட்டடத்துக்கே விரைந்து கொடுக்கிறோம்.

சட்ட விவரமும் தெரிந்திருத்தல் நலம். வெளிநாட்டு அறப்பணிக்கென இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்டுவோர் அறநிறுவன ஆணையரின் அனுமதி பெறவேண்டும். திரட்டிய தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி; விலக்கு வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக்கான நன்கொடைக்கு வரிக் கழிவு முன்பு இல்லாதிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை, அவசர மனிதாபிமான உதவிக்காகக் குறிப்பிட்ட சில அறநிறுவனங்கள் வழியே அளிக்கும் ரொக்கத்துக்கு 100 விழுக்காடு கழிவு உண்டு. கடைவீதியில் உண்டியல் குலுக்குபவரிடம் அனுமதிச் சீட்டைக் கேட்பதில் தவறொன்றுமில்லை.

இன்று சூடானிலும் காஸாவிலும் பிள்ளைகள் அதே இருட்டில் படிக்கிறார்கள். அவர்களுக்கெனக் கொடுக்க முன்வரும் அன்பர்கள், பெறும் நிறுவனத்தாரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: எத்தனை ஆண்டுகளுக்கு இப்பணியைத் தொடர்வீர்கள்? பிள்ளைக்கு 18 வயதான பின் எங்கே போகும்?