சுவருக்குள் ஒளிந்த புத்தகம்

ஒரு புத்தகத்தை எரித்துவிட்டால் அதிலுள்ள கருத்தும் சாம்பலாகிவிடுமா? சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங் அப்படித்தான் நம்பினார். பழங்காலத்தைப் புகழ்கிற சாக்கில் இன்றைய ஆட்சியைப் பழிக்கிறார்கள் என்று அமைச்சர் லீ சு முறையிட, கி.மு. 213இல் மக்கள் கையிலிருந்த வரலாறும் கவிதையும் தீக்கு இரையாயின. மருத்துவ, விவசாய நூல்கள் போன்றவை மட்டும் தப்பின. ‘அரசவை அறிஞர்களிடம்தான் பிரதிகள் இருந்தனவே, அப்புறம் என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். ஆபத்தே அதுதான். அறிவை ஒரே இடத்தில் பூட்டிவைத்தார்கள். சில ஆண்டுகளில் கலகப் படை வைத்த தீயில் பேரரசின் அரண்மனைகளே எரிந்துபோயின.

அப்படியானால் எது பிழைத்தது? ஃபூ ஷெங் என்ற அறிஞர் தம் வீட்டுச் சுவருக்குள் ஒரு நூலை மறைத்துவைத்திருந்தார். போர் ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், பல பகுதிகளைக் காணோம். மிஞ்சியதை வைத்தே பாடம் சொன்னார். தொண்ணூறு வயதைத் தாண்டிய அவரிடம் கற்றுவர, அடுத்து வந்த ஹான் அரசே ஆள் அனுப்பியது. எரித்த அரசு பதினைந்து ஆண்டுகள்தான் நின்றது; சுவருக்குள் இருந்த நூலோ இன்றும் வாசிக்கப்படுகிறது!