கணினியின் ஆயுளை வரையறுப்பவர் யார்?

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14ஆந் திகதியன்று உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கோடிக்கணக்கான கணினிகள் வழக்கம்போலவே இயங்கின. திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை எழுத்துக்களைப் பதித்தது, அச்சுப்பொறி தாளை வெளியே தள்ளியது. எனினும், அந்நாளோடு அவற்றுக்கு இருந்த காவல் ஒன்று நீங்கிற்று. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்குப் பத்து ஆண்டுகளாக இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் அன்றோடு பொதுவில் நிறுத்திக்கொண்டது.

வானொலிப் பெட்டியின் ஒரு பகுதி எரிந்துபோனால் அது பழுதுற்றது என்பதை எவரும் அறிவர். தையல் இயந்திரத்தின் பற்சக்கரம் தேய்ந்தால் அதற்கு வயதாயிற்று என்பதும் விளங்கும். ஆனால், ஒரு பகுதியேனும் தேயாத இயந்திரம் ஒன்று முதுமை அடைந்துவிட்டது என்று தொலைவில் உள்ள ஓர் அலுவலகம் தீர்மானிப்பது மனிதர்க்குப் புதிய அனுபவமாகும். எனவே, பணிசெயல் முறைமைகளுள் எது சிறந்தது என ஆராயப் புகுவோர், எது அழகியது, எது விரைவுடையது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. தாம் பணங்கொடுத்து வாங்கிய இயந்திரம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை யார் முடிவு செய்கின்றனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

பணிசெயல் முறைமை என்பது யாது? இயங்குதளம் என்றும் இதனைக் கூறுவர். புகையிரத நிலைய அதிபரின் கடமையை எண்ணிப் பார்த்தால் இதன் தொழில் தெளிவாகும். வண்டிகள் பல, பாதைகளோ சில. எவ்வண்டி எப்பாதையில் எப்பொழுது செல்வது என்பதை நிலைய அதிபர் வகுக்காவிடின் வண்டிகள் மோதிக்கொள்ளும். கணினியிலும் கடிதம் எழுதும் மென்பொருள், இசை ஒலிக்கும் மென்பொருள், இணைய உலாவி எனப் பல ஒரே வேளையில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் கணிக்கும் பகுதியின் நேரத்தை ஒரு நொடியின் மிகச் சிறு கூறுகளாகப் பங்கிட்டு அளிப்பதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், கோப்புகள் இருக்கும் இடத்தைப் பேரேட்டிற் குறிப்பதுபோலக் குறித்து வைப்பதும், அந்நியர் உட்புகாமற் காப்பதும் இம்முறைமையின் கடமைகளாகும். கைப்பேசிகளில் அன்ட்ரொயிட், ஐ.ஓ.எஸ். ஆகிய இரண்டும் இத்தொழிலைச் செய்கின்றன. மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் பொதுமக்கள் எதிர்ப்படுபவை பெரும்பாலும் நான்கு: விண்டோஸ், மக் ஓ.எஸ்., குறோம் ஓ.எஸ்., லினக்ஸ் என்பன.

இவற்றுள் மிகப் பரந்து வழங்குவது விண்டோஸ். 1981ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டபொழுது, அதற்கான முறைமையை மைக்ரோசொப்ட் வழங்கியது. அம்முறைமையை ஏனைய நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1985ஆம் ஆண்டில் விண்டோஸ் பிறந்தது. கணினியை எந்த நிறுவனம் செய்தாலும் அதில் இம்முறைமை இயங்கியமையால், விலை குறைந்த கணினிகள் பெருகின; அவற்றுக்கென எழுதப்பட்ட மென்பொருள்களும் பெருகின. கடைகளிலே விற்கும் அச்சுப்பொறிகளுள் விண்டோஸுக்கு இசையாதன மிகச் சிலவே. கணக்கு மென்பொருளாயினும் விளையாட்டாயினும் முதலில் இதற்கே எழுதப்படுவது வழக்கம். பழுது நேரின் அயலில் உள்ள ஒருவருக்கு அதனைச் சீர்செய்யத் தெரிந்திருக்கும் என்பதும் இதன் பெருஞ்சிறப்பு.

பலர் கூடும் சந்தையையே கள்வரும் நாடுவர். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வன்னாகிறை' எனப் பெயர்பெற்ற தீநிரல் ஒன்று ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவி, விண்டோஸ் கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவமனைகள் பல, நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அத்தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதனைப் பொருத்தாத கணினிகளே இரையாயின. 2014இல் ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பீ முறைமைக்கோ, தாக்குதல் தொடங்கிய பின்னரே அத்திருத்தம் பொதுவில் அளிக்கப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் என்பது வெறும் அலங்காரம் அன்று. அது கதவுக்குத் தாழ் போன்றது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

விண்டோஸ் 10ஐ விட்டு விண்டோஸ் 11க்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த அம்முறைமை, இரகசியச் சாவிகளைப் பேழையில் வைப்பதுபோலக் காக்கும் பாதுகாப்பு வசதி ஒன்று கணினியில் அமைந்திருக்க வேண்டும் என விதித்தது. இன்டெல் செயலிகளைப் பொறுத்தமட்டில், பொதுவாக 2017இல் வெளிவந்த எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமே ஏற்கப்பட்டன. பாதுகாப்பைக் கருதியே இவ்விதி என நிறுவனம் கூறிற்று, அக்காரணம் பொருளற்றதன்று. ஆயினும், 2016இல் வாங்கிய நற்கணினி ஒன்று இவ்விதியால் வாயிலிலேயே தடுக்கப்படுகின்றது. வீட்டுப் பாவனையாளர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 2026 ஒக்ரோபர் 13 வரை திருத்தங்களைப் பெற ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது. தவணை என்பது தீர்வாகாது.

அப்பிள் நிறுவனத்தின் வழி வேறு. இயந்திரத்தையும் முறைமையையும் அந்நிறுவனமே ஆக்குகின்றது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினி, சுட்டியையும் சிறு படங்களையும் கொண்டு கட்டளையிடும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியது. 2001இல் யுனிக்ஸ் என்னும் உறுதியான அடித்தளத்தின் மேல் அதன் முறைமை புதிதாகக் கட்டப்பட்டது. உடலும் உயிரும் ஒரே கையால் ஆக்கப்படுவதால் இரண்டும் இணக்கமாக இயங்குகின்றன. 2013 முதல் அம்முறைமையின் புதிய பதிப்புகளுக்கு விலையும் இல்லை. ஆனால், இது அப்பிள் கணினிகளுக்கு மட்டுமே உரியது. அவற்றின் விலையோ உயர்வு. பிற்காலத்தில் நினைவகத்தைப் பெருக்குவதும் இன்றைய மடிக்கணினிகளில் இயலாது. செயலியையே மாற்றிவிடும் வழக்கமும் இந்நிறுவனத்துக்கு உண்டு. 2020இல் இன்டெல் செயலியை விட்டுத் தன் சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கிய அப்பிள், 2025இல் வெளியான 'தாஹோ' பதிப்பே இன்டெல் கணினிகளுக்குரிய இறுதிப் பதிப்பு என அறிவித்தது. ஈண்டும் முடிவு உரியவர் கையில் இல்லை.

மூன்றாவதாகிய குறோம் ஓ.எஸ். கூகிள் நிறுவனத்தின் ஆக்கம். 2011 முதல் 'குறோம்புக்' என்னும் மடிக்கணினிகளில் இது விற்பனைக்கு வந்தது. இதிலே இணைய உலாவியே நடுநாயகம். கடிதமும் படமும் பெரும்பாலும் தொலைவில் உள்ள களஞ்சியக் கணினிகளிலேயே வைக்கப்படுகின்றன. ஆதலின் இயந்திரம் எளியதாயினும் போதும். விரைவில் விழித்தெழும், கிருமி நிரல்களின் தொல்லை மிகக் குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகளில் இது பெருவழக்காயிற்று. இணையத் தொடர்பு அறுந்தால் இதன் பயனும் பெரிதும் சுருங்கும் என்பதே குறை. 2023இல் கூகிள் நிறுவனம் இக்கணினிகளுக்குப் பத்தாண்டுக் காலம் திருத்தங்கள் வழங்குவதாக வாக்களித்தது. அப்பத்தாண்டு, கணினி வாங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. அவ்வகைக் கணினியின் அடிப்படை அமைப்பு முதன்முதல் வெளியான காலத்திலிருந்து கணக்கிடப்படுவது. கைமாறிய குறோம்புக்கை வாங்குவோர் அதன் இறுதித் திகதியை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நான்காவதாகிய லினக்ஸ் ஒரு நிறுவனத்தின் உடைமையன்று. யாவரும் பகிர்ந்துகொள்ளத்தக்க ஒரு முறைமையை ஆக்கும் நோக்குடன் 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஒரு முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் இருபத்தோராம் வயதில், முறைமையின் கருப்பகுதியை எழுதி உலகுக்கு அளித்தார். இவ்விரண்டும் இணைந்தன. இதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் தோன்றிய உபுண்டு, 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியன இதன் பல வடிவங்களுட் சில. விலை இல்லை. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியாகி, ஐந்தாண்டு திருத்தம் பெறுகின்றது. 2017 நவம்பரில் உலகின் மிக ஆற்றல் வாய்ந்த 500 கணினிகளின் பட்டியல் வெளியானபொழுது, அவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கின. விண்டோஸ் 11 வாயிலில் தடுத்த பழங்கணினியையும் லினக்ஸ் பெரும்பாலும் வரவேற்கும்.

இவ்வளவு சிறப்பிருந்தும் வீடுகளில் அது பெருகாதது ஏன்? பழக்கமும், பிற மென்பொருள்களின் பிணைப்பும், உதவுவார் அருமையுமே காரணம். இதற்கு இரண்டு வரலாறுகள் சான்று. ஜேர்மனியின் மியூனிக் நகர ஆட்சி, 2003இல் எடுத்த முடிவின்படி லினக்ஸுக்கு மாறத் தொடங்கி, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. ஆயினும், பிற அலுவலகங்களோடு ஆவணங்களைப் பரிமாறுவதில் ஏற்பட்ட சிக்கல்களும் ஊழியரின் முறைப்பாடுகளும் விவாதமாகி, 2017இல் நகரசபை மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. பிரான்சின் தேசியக் காவற்படையாகிய ஜொந்தார்மெரி வேறொரு படிமுறையைக் கையாண்டது. 2005 முதல், விண்டோஸை வைத்துக்கொண்டே, எழுத்து மென்பொருளையும் உலாவியையும் மாற்றிற்று. ஊழியர் அவற்றுக்குப் பழகிய பின்னர், 2008 முதல் உபுண்டுவைப் படிப்படியாகப் புகுத்திற்று. அம்மாற்றம் நிலைத்தது. வீட்டை மாற்றுமுன் தளபாடங்களை மாற்றிப் பழகிய விவேகம் அது.

வீட்டிலே தனியொரு கணினி வைத்திருப்போருக்கும் அவ்விவேகம் பொருந்தும். முதலில், கணினியால் தாம் செய்யும் வேலைகள் யாவை எனத் தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். தொழிலுக்கு இன்றியமையாத ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், விண்டோஸே அவருக்கு உரியது. படத்தொகுப்பும் இசையமைப்பும் தொழிலாகக் கொண்டு, செலவிடவும் வல்லவராயின், மக் ஓ.எஸ். அவருக்கு நல்ல துணை. இணையத்தில் எழுதுவதும் படிப்பதும் மட்டுமே வேலையாகவுடைய மாணவருக்குக் குறோம்புக் போதும். கடிதம், மின்னஞ்சல், செய்தி, திரைப்படம் என்ற அளவில் நிற்பவர், பழங்கணினியை வீசுமுன் லினக்ஸை ஒருமுறை சோதித்தல் தகும். விரலளவான நினைவுக்கோலில் அதனைப் பதித்து, கணினியில் உள்ள எதனையும் அழியாமலே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் ஒலியும் கம்பியில்லா இணைப்பும் இயங்குகின்றனவா என்று அப்பொழுதே அறியலாம். எம்மாற்றமாயினும், கோப்புகளைப் பிரதிசெய்து வேறிடத்தில் வைத்த பின்னரே தொடங்குதல் முறை.

வாங்கும் பொழுது விலையைக் கேட்பது போலவே, திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்பதையும் கேட்கும் வழக்கம் பரவுமாயின் நன்மை பெரிது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணிப்பின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னியற் கழிவைக் குவித்தது. அதில் நான்கிலொரு பங்குக்கும் குறைவானதே முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாயிற்று. உழைக்கத்தக்க கணினி ஒன்று அக்குவியலிற் சேருமுன், அதன் உரியவர் ஒரு வினாவை எழுப்புதல் கடன்: இயந்திரம் தேய்ந்ததா, அன்றி அதற்களித்த வாக்கு முடிந்ததா? தேய்ந்ததாயின் விடைகொடுக்கலாம். வாக்கு மட்டுமே முடிந்ததாயின், வேறொரு வாக்கை நாடிச் செல்லும் உரிமை அதன் உரியவருக்கே உண்டு.