நெடுங்கால் நிழலுக்கு எழுதிய கடிதங்கள்

மாதத்தின் முதற் புதன்கிழமை. ஜான் கிரியர் இல்லம் என்னும் அநாதை இல்லத்தில் அன்று தரையெல்லாம் பளபளக்க வேண்டும். நாற்காலிகளில் தூசி இருத்தலாகாது. 97 குழந்தைகளும் குளித்துத் தலைவாரி, கஞ்சியிட்ட விறைப்பான உடைகளில் வரிசையாக நிற்க வேண்டும். தருமகர்த்தாக்கள் பார்வையிட வரும் நாள் அது. அவர்கள் ஏதேனும் கேட்டால் 'ஆம் ஐயா', 'இல்லை ஐயா' என்று பணிவோடு விடையிறுக்கவும் வேண்டும். இந்த ஆயத்தங்களில் பெரும்பங்கைத் தன் தோளில் சுமப்பவள், இல்லத்துப் பிள்ளைகளுள் மூத்தவளான ஜெருஷா அபட். அவளுக்குப் பெயர்கூடச் சொந்தமில்லை. அபட் என்பதை இல்லத் தலைவி தொலைபேசிப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் கண்டெடுத்தாள். ஜெருஷா என்பதை ஒரு கல்லறைக் கல்லில் கண்டாள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டர் அம்மையார் 1912-இல் வெளியிட்ட 'டாடி லாங் லெக்ஸ்' என்னும் நாவல் இவ்வாறு தொடங்குகிறது. கல்லூரி முதலாண்டு மாணவ மாணவியரைப் பற்றிய நகைச்சுவைக் காதற் கதைகள் இன்று ஆங்கிலத்தில் ஒரு தனி இனமாகவே பெருகிவிட்டன. அட்டைப் படத்தைப் பார்த்ததும் பெற்றோர் முகம் சுளிக்கும் நூல்கள் அவற்றுள் உண்டு. சுளிப்பதற்குத் தக்க காரணமும் சிலவற்றில் உண்டு. ஆயினும் அவ்வினத்தின் பாட்டி முறையாகத்தக்க இந்நூலை நம் வாசகக் குடும்பங்களுக்குத் தயங்காது பரிந்துரைக்கிறோம். காரணத்தைக் கூறுமுன் கதையைச் சிறிது சொல்லிவிடுவோம்.

அந்த முதற் புதன்கிழமையையே கேலி செய்து ஜெருஷா பள்ளியில் ஒரு கட்டுரை எழுதுகிறாள். அதைக் கேட்ட தருமகர்த்தா ஒருவர் சிரித்துவிட்டு, அவளைக் கல்லூரியில் படிக்க வைக்க முன்வருகிறார். கல்விக் கட்டணம் அவருடையது. கைச்செலவுக்கு மாதம் 35 டாலர். பதிலுக்கு அவள் மாதந்தோறும் தன் படிப்பைக் குறித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். நன்றி கூறவேண்டியதில்லை, அவர் பதில் எழுதமாட்டார், அவர் பெயர் ஜான் ஸ்மித் என்று வைத்துக்கொள்ளலாம். அவரை அவள் நேரில் கண்டதில்லை. மோட்டார் வண்டியின் விளக்கொளியில் சுவரில் விழுந்த அவரது நிழலை மட்டுமே கண்டாள். கால்கள் நீண்டு நீண்டு சிலந்தியைப்போல் தோன்றிய நிழல் அது. ஆகவே, நீண்ட கால்களையுடைய ஒரு பூச்சிக்கு அமெரிக்கச் சிறுவர் இட்ட பெயரையே தன் கொடையாளருக்கும் சூட்டிவிடுகிறாள். அதன்பின் நாவல் முழுவதும் அவள் எழுதும் கடிதங்களே. இடையிடையே அவள் வரைவதாக வரும் குறும்புச் சித்திரங்களும் நூலாசிரியை கைப்படத் தீட்டியவை.

முதலாண்டுக் கடிதங்களே இந்நூலின் உயிர். ஜூடி என்று தனக்குத் தானே புதுப்பெயர் சூட்டிக்கொண்ட அப்பெண், மைக்கேல் ஏஞ்சலோ என்பவர் அதிதூதர்களுள் ஒருவர் என்று வகுப்பில் எண்ணிக்கொள்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. ஷெர்லக் ஹோம்ஸ் என்ற பெயரை அவள் கேட்டதில்லை. 'சின்னப் பெண்கள்' என்னும் பெயர்பெற்ற நாவலைப் படிக்காமல் வளர்ந்த பெண் அக்கல்லூரியிலேயே தான் ஒருத்திதான் என்று அறிந்ததும், ஒருவரிடமும் மூச்சுவிடாமல் கைச்செலவுப் பணத்தில் ஒரு டாலர் 12 காசு கொடுத்து அதை வாங்கிப் படித்துவிடுகிறாள். இனி எவளாவது எலுமிச்சை ஊறுகாயைப் பற்றிப் பேசினால் அது எந்தக் கதையில் வருவது என்று தனக்கும் விளங்குமே என்கிறாள். நாம் இங்கே வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்தபின் சற்று நேரம் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

அவளுக்கு விடுதியில் தனியறை கிடைக்கிறது. பெற்றோர் இன்னாரென்று தெரியாத ஒருத்தியோடு நல்ல குடும்பத்துப் பெண்ணைத் தங்கவைப்பது முறையன்று என்று கல்லூரிப் பதிவாளர் எண்ணியிருக்கலாம் என்று அவளே ஊகித்து, இதிலும் ஓர் ஆதாயம் இருக்கிறதே என்று மகிழ்ந்துகொள்கிறாள். அடுத்த அறையிலுள்ள சாலி, வீட்டு நினைவு தாங்கவில்லையே, உனக்கும் அப்படியா என்று கேட்கிறாள். ஜூடிக்கு அந்த நோய் இல்லை. அநாதை இல்லத்தை எண்ணி ஏங்கியவர் உலகில் உண்டோ? பழம்பெருமை மிக்க குடியிற் பிறந்த ஜூலியா, உன் தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர் என்ன என்று வினவுகிறாள். தெரியாது என்று சொல்லத் துணிவின்றி, வாயில் வந்த மான்ட்கோமரி என்ற பெயரைச் சொல்லிவிடுகிறாள். விட்டாளா ஜூலியா? மாசசூசெட்ஸ் மாநிலத்து மான்ட்கோமரியா, வர்ஜீனியா மாநிலத்து மான்ட்கோமரியா என்று அடுத்த கேள்வி பிறக்கிறது.

நூறாண்டு கடந்தும் இவ்வினக் கதைகள் இதே இடத்தைத்தான் தொடுகின்றன. ரெயின்போ ரோவெல் 2013-இல் வெளியிட்ட 'ஃபேன்கேர்ள்' என்ற நாவலில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவி கேத், சாப்பாட்டுக் கூடம் எங்கே இருக்கிறது, அங்கே எப்படி வரிசையில் நிற்பது என்று கேட்க வெட்கி, அறையில் ஒளித்துவைத்த வேர்க்கடலை வெண்ணெயையும் சத்துணவுக் கட்டிகளையும் தின்றே வாரக்கணக்கில் காலந்தள்ளுகிறாள். உடன் தங்கியிருக்கும் மூத்த மாணவி அதைக் கண்டுபிடித்து அவளை இழுத்துக்கொண்டு போகிறாள். காதல் அதற்குப் பிறகு வருகிறது. முதலில் வேண்டியிருந்தது சாப்பிட அழைத்துப் போக ஓர் ஆள்.

மீண்டும் ஜூடியிடம் வருவோம். அவளுடைய கடிதங்களில் நம்மை உறுத்திய இடங்கள் இரண்டு. பள்ளியில் படித்த நாளில் ஏழைகளுக்கென்று பெட்டியில் சேர்ந்த பழைய உடைகளையே அவள் அணிந்து சென்றாள். வகுப்பில் எவள் அருகில் உட்கார நேருமோ, அவளே அந்த உடையின் முதற் சொந்தக்காரியாக இருக்கக்கூடும். அவள் மற்றவர்களிடம் சுட்டிக்காட்டி நகைக்கவும் கூடும். வாழ்நாளெல்லாம் பட்டுக் காலுறை அணிந்தாலும் அத்தழும்பு மறையாது என்று எழுதுகிறாள். மற்றொன்று: ஒரு ஞாயிறன்று கல்லூரி ஆலயத்திற்கு வந்த ஆயர் ஒருவர், நாம் ஈகைக் குணத்தோடு விளங்கும் பொருட்டே ஏழைகள் எப்போதும் நம்மோடு வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசுகிறார். அப்படியானால் ஏழை என்பவன் பயன்தரும் வீட்டுப் பிராணி போலும் என்று ஜூடி கொதிக்கிறாள். திருச்சபையைச் சேர்ந்த இதழில் இதை எடுத்தெழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் பழைய துணி மூட்டையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதை யார் அணிவார், அணிந்துகொண்டு எந்த வகுப்பில் உட்காருவார் என்று எண்ணிப் பார்த்த நினைவு நமக்கு இல்லை. அதனாலேயே எழுதுகிறோம்.

முதலாண்டிலேயே அவள் நோயுற்றுப் படுக்கிறாள். தொண்டை வீங்கி, காய்ச்சல் கண்டு, கல்லூரி மருத்துவமனையில் தனியே கிடக்கையில், ஒருமுறையேனும் பதில் எழுதாத அந்த நிழலின்மேல் சினந்து கசப்பாகக் கடிதம் எழுதிவிடுகிறாள். மறுமொழியாக ஒரு பெட்டி நிறைய இளஞ்சிவப்பு ரோஜா மொட்டுகளும், கையால் எழுதிய ஒரு சீட்டும் வருகின்றன. தன் வாழ்வில் தனக்கென்று வந்த முதல் மெய்யான பரிசு அதுவே என்று கூறி அழுகிறாள். கல்விக் கட்டணம் முழுவதையும் செலுத்தியவர் அவர். அவளை அழவைத்தது ரோஜா மொட்டு.

காதற் கதையின் முடிச்சை இங்கே அவிழ்ப்பதற்காக இன்னும் படியாதவர்கள் நம்மை மன்னிப்பார்களாக. ஜூலியாவின் சிற்றப்பா ஜெர்விஸ் பெண்டில்டன் கல்லூரிக்கு வருகிறார், ஜூடியோடு பழகுகிறார், அவரைப் பற்றி அவள் தன் முகமறியாக் கொடையாளருக்கு மனந்திறந்து எழுதுகிறாள். இருவரும் ஒருவரே! சிரிப்பு இதில் ஏராளம். ஆனால் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்ற முறையில் நமக்கு இது முழுதும் உவப்பாக இல்லை. ஒருவர் எல்லாம் அறிந்திருக்க, மற்றவர் ஒன்றும் அறியாதிருப்பது சமமான ஆட்டமன்று. சாலியின் தமையனும் இருக்கும் கோடைக் குடிலுக்கு ஜூடி செல்லலாகாது, பண்ணை வீட்டுக்கே செல்லவேண்டும் என்று செயலாளர் வழியாகக் கட்டளை வருகிறதே, அது தருமகர்த்தாவின் அக்கறையா, காதலனின் பொறாமையா? நூலாசிரியை இதை வேடிக்கையாகவே கடந்துவிடுகிறார். எனினும் ஜூடியை அவர் பொம்மையாக்கவில்லை. கொடையாளர் மறுத்தும் அவள் கல்வி உதவித்தொகையை ஏற்றுக்கொள்கிறாள். பின்னர்த் தன் எழுத்து விலைபோனதும் ஆயிரம் டாலருக்குக் காசோலை அனுப்பிக் கடனைத் தீர்க்கத் தொடங்குகிறாள். ஜெர்விஸ் மணம்பேசும்போது முதலில் அவள் மறுப்பதும், தான் அநாதை இல்லத்தில் வளர்ந்ததை அவருக்குச் சொல்ல வாய்வராத காரணத்தால்தான்.

வெப்ஸ்டர் அம்மையார் செல்வாக்குள்ள குடும்பத்தவர். அவருடைய தாயார் மார்க் ட்வெய்னின் சகோதரி மகள். 1901-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், மாணவியாக இருந்தபோதே ஆதரவற்ற சிறார் இல்லங்களை நேரிற் சென்று பார்த்தவர். 1914-இல் கதை நாடகமாயிற்று; 1919-இல் மேரி பிக்ஃபோர்டு நடித்த திரைப்படமும், 1955-இல் ஃபிரெட் அஸ்டேர் நடித்த மற்றொன்றும் வந்தன. நம் அண்டை மொழியான மலையாளத்திலும் 1984-இல் ஐ.வி. சசி இயக்கிய 'காணாமறயத்து' இக்கதையைத் தழுவியதே. ஆசிரியை நெடுநாள் வாழவில்லை. 1916 ஜூன் மாதம் மகளைப் பெற்றெடுத்த மறுநாளே காலமானார். நாவலின் புகழையொட்டி அந்நாளில் 'டாடி லாங் லெக்ஸ்' பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. அதில் திரண்ட பணம், அநாதைக் குழந்தைகளைக் குடும்பங்களில் தத்துக்கொடுக்கும் பணிக்குச் சென்றது.